நட்சத்திரத்தை எப்போது வழியனுப்புவது?



மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "நட்பு", "தன்னம்பிக்கை", "இளைஞனே எழுந்திரு" எல்லாவற்றையும் மற்ற டிபார்ட்மென்ட்காரர்கள் முன்பே பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மிச்சம் இருப்பது ஹாக்கிதான். அதுவும் நம்ம டீக்கடை பெஞ்சில் தீராத ஒரு வழக்கு: தோற்றுக்கொண்டிருக்கிற ஒரு டீம், தன்னைப் புதுசாகக் கட்ட நினைக்கிறது. அந்த டீமில் ஒரே ஒரு ஸ்டார். அவனை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா? அனுப்புவதென்றால் எப்போது?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை போடலாம். ஸ்டாரை அனுப்ப வேண்டிய நேரம், அவன் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதுதான். ஆட்டம் போன பிறகு அனுப்பினால் கைக்கு ஒன்றும் வராது. கோபத்தில் அனுப்பினால் இருக்கிறதும் போகும்.

"என்னப்பா இது, நல்லா ஆடுறவனை எவனாவது விடுவானா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தோல் வியாபாரம் நடக்கிற ஊரில் இருந்துகொண்டு இதை நாமே கேட்கலாமா என்பது என் எதிர்க்கேள்வி. மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்தப் பாலாற்றங்கரை முழுக்கத் தெரிந்த கணக்கு இது. பச்சைத் தோலை "விலை ஏறட்டும்" என்று உப்புப் போடாமல் வைத்திருந்தால் என்ன ஆகும்? முடி உதிர ஆரம்பிக்கும். முடி உதிர்ந்தால் தோல் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பிறகு பெரிய டேனரியில் கொண்டுபோய்ப் போட்டாலும் முதல் தரம் வராது. சரக்குக்கு ஒரு நேரம் இருக்கிறது.

மெக்கானிக்கல் பசங்களுக்கு இன்னும் சுலபமாகச் சொல்கிறேன். லேத்தில் டூலை எப்போது மாற்றுவோம்? உடைந்த பிறகா? உடைந்த பிறகு மாற்றினால் ஜாப்பும் சேர்ந்து ரிஜெக்ட். அதற்கு முன்னாடியே எடுத்து, தீட்டி, வேறு டூலைப் போடுகிறவன்தான் கைதேர்ந்த ஆபரேட்டர்.

மனுஷன் தோலும் இல்லை, டூலும் இல்லை என்பது எனக்கும் தெரியும். அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன். முதலில் நடந்த கதைகளைப் பார்ப்போம்.

ஒட்டாவா கதை

நம் நாட்டு ஹாக்கியில் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளும் "டிரேட்" பழக்கம் வேரூன்றவில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆடுகிற ஐஸ் ஹாக்கியில் அது தினசரிச் சமாச்சாரம். அங்கே என்.எச்.எல். என்ற பெரிய லீக். ஒரு டீம் தன் வீரனை இன்னொரு டீமுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வேறு வீரர்களையும், வரப்போகிற வருஷங்களில் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் வாங்கிக்கொள்ளலாம். புதுப் பையன்களை எடுக்கும் வரிசையில் பலவீனமான டீம்களுக்கே முன்னுரிமை. கீழே கிடக்கிறவன் மேலே வரட்டும் என்ற ஏற்பாடு.

அங்கே ஒட்டாவா செனட்டர்ஸ் என்று ஒரு டீம். கேப்டன் எரிக் கார்ல்சன், ஸ்வீடன்காரர். லீக்கிலேயே சிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற விருதை அதற்குள் இரண்டு தடவை வாங்கியவர். 2017இல் அந்த டீம் இறுதிச்சுற்றுக்கு ஒரே ஒரு கோல் தூரத்தில் நின்றது. அரையிறுதியின் ஏழாவது ஆட்டம், கூடுதல் நேரம், அதுவும் முடிந்து இரண்டாவது கூடுதல் நேரம். அங்கே பிட்ஸ்பர்க் ஒரு கோல் போட்டது, கதை முடிந்தது. அடுத்த வருஷமே டீம் சரிந்து 31 டீம்களில் 30ஆவது இடம்!

கார்ல்சனின் ஒப்பந்தம் 2019இல் முடிய வேண்டியது. முடிந்துவிட்டால் அவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஒட்டாவாவுக்கு நயா பைசா கிடைக்காது. 2018 செப்டம்பரில் அவரை சான் ஹோசே டீமுக்குக் கொடுத்தார்கள். பதிலுக்குச் சில இளம் வீரர்கள், கூடவே புதுப் பையன்களை எடுக்கும் உரிமைகள். ஒட்டாவா ரசிகர்கள் கொதித்தார்கள். ஊரின் அடையாளத்தையே விற்றுவிட்டார்கள் என்று திட்டினார்கள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சான் ஹோசே டீம் 2019-20 சீசனில் சரிந்தது. அதனால் அவர்கள் கொடுத்திருந்த உரிமை, வரிசையில் மூன்றாவது இடமாக உயர்ந்தது. அதில் 2020இல் ஒட்டாவா எடுத்த பையன் டிம் ஸ்டுட்ஸ்லே, ஜெர்மனிக்காரர், அப்போது வயது 18. இன்றைக்கு அந்த டீமின் முக்கியத் தூண்களில் ஒருவர் அவர்.

இதோடு நிறுத்தினால் கதை இனிப்பாக இருக்கும். மீதியையும் சொல்ல வேண்டும். 2017க்குப் பிறகு ஒட்டாவா நாக்-அவுட் சுற்றுக்குத் திரும்பி வந்தது 2025இல்தான். இடையில் ஏழு சீசன் வெளியே நின்றது. அனுப்பப்பட்ட கார்ல்சனும் ஒன்றும் தேய்ந்துபோகவில்லை. 2023இல் அதே விருதை மூன்றாவது தடவையும் வாங்கினார். ஆக, டிரேட் என்பது மந்திரம் இல்லை. விதை போடுகிற வேலை. விதை போட்டவன் மறுநாள் காலையில் அறுவடைக்கு அரிவாளோடு போகக்கூடாது.

சேப்பாக்கம் கதை

ஐஸ் ஹாக்கி நமக்கு ரொம்ப தூரம். நம்ம வாசலிலேயே நடந்ததற்கு வருவோம். ஆட்டம் கிரிக்கெட், ஆனால் வழக்கு அதே வழக்கு.

2025 ஐ.பி.எல்.லில் சென்னை சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டத்தில் 4 வெற்றி, பத்து டீமில் பத்தாவது. கடைசி இடம் அந்த டீமுக்கு அதுதான் முதல் தடவை. அதே வருஷம் நவம்பர் 15ஆம் தேதி அறிவிப்பு வந்தது. ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு, சஞ்சு சாம்சன் சென்னைக்கு. சென்னையில் 18 கோடிக்கு இருந்த ஜடேஜா அங்கே 14 கோடிக்குப் போனார். சாம்சன் தன் 18 கோடியோடு இங்கே வந்தார்.

ஜடேஜா யார்? 2012இல் சென்னைக்கு வந்தவர். டீம் தடையில் இருந்த இரண்டு வருஷம் தவிர 12 சீசன் மஞ்சள் சட்டை போட்டவர். 2023 இறுதி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர், கோப்பை நம் கையில்! தோனி அவரை அப்படியே தூக்கிக்கொண்ட படம் நம் ஹாஸ்டல் சுவர்களில் இல்லாத இடமில்லை. அப்படிப்பட்டவரைக் கொடுத்துவிட்டார்களே என்று நம்ம பசங்களே இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அறிவிப்பு வந்தபோது ஜடேஜாவுக்கு 37 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. சாம்சனுக்கு 31. தோனிக்குப் பிறகு விக்கெட் கீப்பர் யார் என்ற கேள்விக்கு சென்னையிடம் பதில் இல்லாமல் இருந்தது. இந்த ஒரே மாற்றத்தில் பதில் கிடைத்தது. ஜடேஜா இன்னும் நன்றாக ஆடுகிறவர், அதனால்தான் ராஜஸ்தான் அவரைக் கேட்டது. இரண்டு வருஷம் கழித்துக் கொடுக்க நினைத்தால் யார் கேட்டிருப்பார்கள்? அடுத்த மாதம் அபுதாபி ஏலத்தில் இதே சென்னை, பிரசாந்த் வீர் என்ற இருபது வயதுப் பையனை 14 கோடியே 20 லட்சத்துக்கு எடுத்தது. இடது கையில் சுழற்பந்து போடுவார், பேட்டும் பிடிப்பார். யாருடைய இடத்துக்கு ஆள் வந்திருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். 2025 மே மாதம் பெங்களூரில் நடந்த ஆட்டத்தில் 17 வயது ஆயுஷ் மாத்ரே 94 ரன், எதிர்முனையில் ஜடேஜா 77 நாட் அவுட். சென்னை இரண்டே ரன்னில் தோற்றது. அந்த ஆட்டத்தைத்தான் நான் டீம் கட்டுவதற்குச் சரியான தருணம் என்பேன். பெரியவர் இன்னும் ஆடுகிறார், சின்னவன் ஆடத் தொடங்கிவிட்டான். இரண்டும் ஒன்றாகத் தெரிகிற அந்தக் கொஞ்ச நாளில்தான் முடிவு எடுக்க வேண்டும்.

நன்றி கெட்டதனமா?

இப்போது முன்னே விட்ட விஷயம். "பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைச்சவனை அனுப்புறது நன்றி கெட்ட வேலை இல்லையா? தோலும் டூலும் மனுஷனும் ஒண்ணா?" இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளமாட்டேன். எப்படி அனுப்புகிறோம் என்பதில்தான் இதற்குப் பதில் இருக்கிறது. நம் நாட்டு ஹாக்கியிலேயே இரண்டு உதாரணம் உண்டு. ஒன்று எப்படிச் செய்யக்கூடாது என்பதற்கு, இன்னொன்று எப்படிச் செய்யலாம் என்பதற்கு.

தன்ராஜ் பிள்ளை. புனே பக்கத்தில் கட்கியில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கோப்பை ஆடியவர். 1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர்தான் கேப்டன். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை பெனால்டி ஸ்ட்ரோக்கில் வென்று, 1966க்குப் பிறகு 32 வருஷம் கழித்து இந்தியா ஹாக்கியில் ஆசியத் தங்கம் வாங்கியது. நாடே கொண்டாடியது. அப்புறம் என்ன நடந்தது? அடுத்த தொடருக்கு டீம் அறிவித்தபோது தன்ராஜும் வேறு சில மூத்த வீரர்களும் அதில் இல்லை! "ஓய்வு" என்று காரணம் சொன்னார்கள். வீரர்களுக்குக் கிடைக்கிற பணமும் வசதியும் போதாது என்று அவர் வெளிப்படையாகப் பேசியதற்குத் தண்டனை இது என்றுதான் ஊர் பேசியது.

அப்போது அவருக்கு வயது 30. ஆட்டம் முடிந்துவிட்டதா? பிறகு திரும்ப அழைக்கப்பட்டு 2000 சிட்னியில் ஆடினார். 2003இல் அவர் தலைமையில்தான் இந்தியா முதல் தடவையாக ஆசியக் கோப்பையை ஜெயித்தது. ஐந்து வருஷ ஆட்டம் மிச்சம் இருந்த ஆளை, பதிலுக்கு எதுவுமே வாங்காமல், கட்டின டீமை அடுத்த மாதமே கலைத்தார்கள். ஜெயித்த டீமுக்குப் புதுசாகக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. இதைப் புதுசாகக் கட்டுவது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டின வீட்டின் தூணை உருவுகிற வேலை அது.

மற்ற உதாரணம் நம் பக்கத்து கேரளத்துக்காரர், கோல் கீப்பர் ஸ்ரீஜேஷ். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடங்குவதற்கு முன்பே "இதுதான் என் கடைசிப் போட்டி" என்று சொல்லிவிட்டார். காலிறுதியில் பத்தே பேரோடு ஆடிய டீமைத் தாங்கி, பிரிட்டனுக்கு எதிராக ஷூட்-அவுட்டில் காப்பாற்றினார். ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலத்தோடு முடித்தார். அவருடைய 16ஆம் நம்பர் சட்டைக்கு சீனியர் டீமில் ஓய்வு கொடுத்தார்கள். அத்தோடு விட்டார்களா? ஜூனியர் டீமுக்குப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். 2025 டிசம்பரில் நம்ம சென்னை எழும்பூர் ஸ்டேடியத்தில் ஜூனியர் உலகக் கோப்பை. அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்த இந்தியப் பையன்கள் 4-2 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கினார்கள். வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தவர் ஸ்ரீஜேஷ்!

நன்றி என்றால் இதுதான் நண்பர்களே. ஆளைக் கடைசி மூச்சு வரை மைதானத்தில் நிறுத்தி வைப்பதை நன்றி என்று நான் சொல்லமாட்டேன். அவனிடம் இருக்கிற வித்தை அடுத்தவனுக்குப் போய்ச் சேர வழி செய்வதுதான் நன்றி.

நாலு கேள்வி

ஆகவே புதுசாகக் கட்டுகிற எந்த டீமும் ஸ்டாரை அனுப்புமுன் தன்னையே நாலு கேள்வி கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்று: இந்த ஸ்டாரின் நல்ல வருஷங்கள் முடிவதற்குள் நாம் ஜெயிக்கப்போகிறோமா? ஜெயிக்கிற வாய்ப்பு இருந்தால் கையைத் தொடாதே. 2017 ஒட்டாவாவில் கார்ல்சனை யாராவது கொடுத்திருந்தால் அது பைத்தியக்காரத்தனம். 2018இல் கொடுத்தது கணக்கு.

இரண்டு: அவனுக்குப் பதிலாக வருகிறவன் வயதில் சின்னவனா, நமக்கு இல்லாத இடத்தை நிரப்புகிறவனா? ஓட்டை ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பக்கம் வெள்ளையடிக்கக் கூடாது.

மூன்று: ஸ்டாரே சின்னப் பையனா? அப்படியென்றால் அவனைச் சுற்றித்தான் டீமைக் கட்ட வேண்டும். இருபது வயதுக்காரனை அனுப்பிவிட்டு எதிர்காலத்தைக் கட்டுகிறோம் என்பது அடுப்பை விற்று அரிசி வாங்குகிற கதை.

நாலு: இது கணக்கா, கோபமா? வாய் பேசினான், கேள்வி கேட்டான், நிர்வாகத்தை எதிர்த்தான் என்பதற்காக அனுப்பினால், போகிறவனைவிட இருக்கிறவனுக்குத்தான் சேதம். மிச்சம் இருக்கிற பத்துப் பேரும் வாயை மூடிக்கொண்டு ஆடக் கற்றுக்கொள்வார்கள். அப்படிப்பட்ட டீம் எதையும் ஜெயிக்காது.

இந்த நாலுக்கும் நேரான பதில் இருந்தால் தயங்காதே. தயங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ஐஸ் ஹாக்கியில் சாட்சி இருக்கிறது. நியூயார்க் ஐலண்டர்ஸ் டீம் தன் கேப்டன் ஜான் டவாரஸை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது. 2018 ஜூலை 1ஆம் தேதி ஒப்பந்தம் முடிந்தது. அவர் டொராண்டோவுக்குப் போய்விட்டார், ஐலண்டர்ஸுக்குக் கையில் ஒன்றுமில்லை. ஆனால் ஆச்சரியம் பாருங்கள். அடுத்த வருஷம் அவர் இல்லாமலேயே அந்த டீம் நாக்-அவுட்டில் பிட்ஸ்பர்க்கை 4-0 என்று துடைத்துப்போட்டது! மிச்சம் இருந்தவர்கள் நன்றாகத் தயாராகியிருந்தார்கள். ஸ்டார் போவதால் டீம் சாகாது. அடுத்தவனைத் தயார் பண்ணாமல் இருந்தால்தான் சாகும்.

நம்ம டீம்?

இதெல்லாம் கோடிக்கணக்கில் பணம் புரளுகிற டீம்களின் கதை, நமக்கு என்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்த உலகத்திலேயே வருஷா வருஷம் புதுசாகக் கட்ட வேண்டிய டீம் ஒன்று உண்டென்றால் அது பாலிடெக்னிக் டீம்தான். மூன்று வருஷப் படிப்பு. முதல் வருஷம் ஸ்டிக் பிடிக்கவே வெட்கம், இரண்டாம் வருஷம் கொஞ்சம் ஓடுவோம், மூன்றாம் வருஷம் ஸ்டார் ஆவோம், ஏப்ரலில் கிளம்பிவிடுவோம். நம் எல்லோருடைய ஒப்பந்தமும் முடிகிற தேதி அட்மிஷன் போட்ட அன்றைக்கே தெரியும்! கார்ல்சனுக்கும் டவாரஸுக்கும்கூட இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

இப்படித் தெரிந்திருந்தும் நாம் என்ன செய்கிறோம்? பெனால்டி கார்னர் என்றால் இறுதியாண்டு அண்ணன்தான் அடிக்க வேண்டும். கேப்டன் இறுதியாண்டு. சென்டர் ஃபார்வர்டு இறுதியாண்டு. தம்பிகள் தண்ணீர் பாட்டில் தூக்கவும், எல்லைக் கோட்டுக்கு வெளியே போன பந்தைப் பொறுக்கவும்தான். ஜூன் மாதம் வந்தால் டீமில் மிச்சம் இருப்பவன் ஒருத்தனும் ஒரு முழு ஆட்டம் ஆடியிருக்கமாட்டான். பிறகு இன்டர் பாலிடெக்னிக் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டு, "போன வருஷம் அந்த அண்ணன் இருந்தார், அதான் ஜெயிச்சோம்" என்று வருஷா வருஷம் அதே பாட்டு.

நானும் இறுதியாண்டுதான். டீமில் எனக்கும் ஒரு இடம் இருக்கிறது. ஆகவே நான் சொல்லப்போவது என் இடத்துக்கே ஆபத்து. இருந்தாலும் யூனியனுக்கு என் யோசனையை எழுத்தில் வைக்கிறேன்.

ஐந்தாம் செமஸ்டர் முடிந்ததும், ஜனவரியில் கேப்டன் பொறுப்பு இரண்டாம் ஆண்டுக்குப் போகட்டும். கோப்பைக்கு ஆடுகிற ஆட்டத்தில் நல்லவன் எவனோ அவன் ஆடட்டும், அதில் சலுகை வேண்டாம். ஆனால் நட்பு ஆட்டங்களில் பாதி நேரமாவது இறுதியாண்டு ஸ்டார்கள் வெளியே உட்காரட்டும். பெனால்டி கார்னர் எடுப்பதற்கு ஒவ்வொரு ஸ்டாரும் ஒரு தம்பியைத் தயார் செய்ய வேண்டும். யாரைத் தயார் செய்தான் என்று கேட்டுவிட்டுத்தான் வழியனுப்பு விழாவில் அவனுக்கு மாலை போட வேண்டும். போட்ட கோல் எண்ணிக்கை அப்புறம்.

"அண்ணே, உங்களை உட்கார வெச்சா நாங்க தோத்துருவோமே" என்று தம்பிகள் பயப்படலாம். தோற்பீர்கள்தான், நாலு ஆட்டம் தோற்பீர்கள். ஜனவரியில் நாங்கள் பக்கத்தில் நிற்கும்போது தோற்றால் எங்கே தப்பு என்று சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. ஆகஸ்டில் தோற்றால் சொல்லிக்கொடுக்க நாங்கள் இருக்கமாட்டோம். ஒருத்தன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருப்பான், ஒருத்தன் ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்பான், ஒருத்தன் சவூதி விசாவுக்கு அலைந்துகொண்டிருப்பான்.

சீனியர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கைதட்டல் நமக்கு இருக்கும்போதே ஸ்டிக்கைத் தம்பி கையில் கொடுப்போம். கைதட்டல் நின்ற பிறகு கொடுத்தால் அவன் அதை வாங்கிக்கொள்ளக்கூட இங்கே இருக்கமாட்டான்.

யூனியன் பொதுக்குழுவில் இந்த யோசனையை வைக்கிறேன். ஒத்துக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் டீக்கடைக்கு வாருங்கள், டீ என் கணக்கு!

— இறுதியாண்டு, மெக்கானிக்கல் பிரிவு